மண்ணுக்குக் கீழே ஒரு முதுசம்

பிரான்சின் வடகிழக்கில் ஷாம்பாஞ் என்றொரு பிரதேசம் இருக்கிறது. அங்குள்ள ரான்ஸ், எப்பெர்னே என்ற இரண்டு ஊர்களையும் சுற்றியுள்ள நிலவறைகளில் நூறு கோடிக்கும் மேற்பட்ட போத்தல்கள் இருட்டில் படுத்துக் கிடக்கின்றன. ஆண்டொன்றுக்கு அங்கிருந்து விற்பனைக்குப் போவது ஏறக்குறைய இருபத்தேழு கோடிதான். இன்றைக்கே உற்பத்தியை அடியோடு நிறுத்தினாலும் மூன்று வருடத்துக்கு மேல் கடை நடக்கும். எந்த வியாபாரி இப்படிச் சரக்கை முடக்கி வைப்பார்? ஆனால் ஷாம்பேன் என்ற அந்தக் குமிழி வைனுக்கு வேறு வழி கிடையாது. சில குடும்பங்கள் ஏழு தலைமுறையாக இந்தத் தொழிலில் நின்று பிடிப்பதற்கும், வேறு பல குடும்பங்கள் விற்றுவிட்டுப் போனதற்கும் அடியில் இருப்பது இந்த முடக்கம்தான்.

கொழும்பில் நாங்கள் ஷாம்பேனைக் காண்பது பெரும்பாலும் கல்யாண மண்டபத்தில். வெள்ளவத்தையிலோ பம்பலப்பிட்டியிலோ வரவேற்பு விருந்து நடக்கும். கேக் வெட்டியதும் மாப்பிள்ளை போத்தலைக் குலுக்கிப் பீச்சி அடிப்பார், கமராக்காரர் இன்னொருதரம் செய்யச் சொல்லுவார். அப்படிப் பீச்சுவது பல இடங்களில் வாயு ஏற்றிய திராட்சைச் சாறுதான். அதுவே நல்லது. உண்மையான ஷாம்பேன் கார்பெட்டில் கொட்டுவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். அந்த எரிச்சலுக்கு நியாயம் இருக்கிறதா என்று பார்க்க, குமிழி எங்கிருந்து வருகிறது என்பதில் தொடங்கவேண்டும்.

கள்ளு நுரைப்பதைப் பார்த்தவர்களுக்குப் பாதி விஷயம் தெரியும். பள்ளிக்கூட விஞ்ஞானத்தில் படித்த மதுவம், சீனியைத் தின்று மதுசாரத்தையும் காபனீரொட்சைட்டையும் வெளிவிடுகிறது. கள்ளுமுட்டியில் அந்த வாயு நுரைத்துக்கொண்டு காற்றோடு போய்விடும். சாதாரண வைனிலும் அப்படித்தான். யாழ்ப்பாணத்துத் தோலகட்டி ஆச்சிரமத்து வைனில் குமிழி இல்லாததற்குக் காரணம் அதுவே. ஷாம்பேன்காரர்கள் செய்வது, ஒருமுறை நொதித்து முடிந்த வைனை மறுபடியும் நொதிக்க விடுவது. அதுவும் மூடிய போத்தலுக்குள்.

அறுவடை இலையுதிர்காலத்தில் நடக்கும். திராட்சையைக் கையால்தான் பறிக்கவேண்டும், இயந்திரத்துக்கு அங்கே அனுமதியில்லை. 4,000 கிலோ திராட்சையைப் பிழிந்தால் 2,550 லீற்றருக்கு மேல் சாறு எடுக்கக்கூடாது என்பதும் விதி. அந்தச் சாறு நொதித்து வரும் முதல் வைன் மெலிந்தது, புளிப்பு மிகுந்தது. அடுத்த வசந்தத்தில் அதைக் கலந்து, லீற்றருக்கு 24 கிராம் அளவில் சீனியும் மதுவமும் சேர்த்துப் போத்தலில் அடைத்து, சோடாப் போத்தலுக்குப் போடும் தகர மூடியைப் போட்டுவிடுவார்கள். உள்ளே மறுபடி நொதித்தல் நடக்கும். வாயுவுக்குப் போக இடமில்லாததால் வைனுக்குள்ளேயே கரையும். அமுக்கம் ஆறு வளிமண்டலம் வரை ஏறும். ஷாம்பேன் போத்தல் கைக்கு அவ்வளவு கனமாக இருப்பதும், தக்கையைக் கம்பிவலை போட்டு இறுக்கியிருப்பதும் அந்த அமுக்கத்துக்குப் பயந்துதான்.

குமிழி வந்துவிட்டதே, விற்றுவிடலாமே என்றால் முடியாது. வேலையை முடித்த மதுவம் செத்துப் போத்தலின் அடியில் வண்டலாகப் படியும். அந்த வண்டல் மெல்ல மெல்லக் கரைந்து வைனுக்குள் இறங்கும்போதுதான் சுட்ட பாணின் மணமும் பருப்புவகைகளின் சுவையும் வருகின்றன. இதற்குக் காலம் ஒன்றே மருந்து. அறுவடை ஆண்டு குறிப்பிடாத ஷாம்பேன் போத்தலில் குறைந்தது 15 மாதம் இருக்கவேண்டும், ஆண்டு குறிப்பிட்டது குறைந்தது மூன்று வருடம் இருக்கவேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நல்ல பெயருள்ள குடும்பங்கள் இந்தக் கணக்கோடு நிற்பதில்லை. ஆறு, எட்டு, பத்து வருடம் வைத்திருப்பதும் உண்டு.

பிறகு வண்டலை வெளியே எடுக்கவேண்டும். சரிந்த பலகைகளில் போத்தலைக் கழுத்துக் கீழாகச் செருகி, வாரக்கணக்கில் சிறிது சிறிதாகத் திருப்பித் திருப்பி வண்டலைக் கழுத்துக்குக் கொண்டுவருவார்கள். இப்போது பெரும்பாலான இடங்களில் நூற்றுக்கணக்கான போத்தல்களை ஒரே கூட்டில் வைத்து இயந்திரம் ஒரு வாரத்தில் செய்து முடிக்கிறது. எப்பெர்னேயில் உள்ள பொல் ரொஜே குடும்ப நிறுவனம் இன்னும் கையாலேயே திருப்புகிறது. கழுத்தை உறையவைத்து மூடியைத் திறந்தால், உறைந்த வண்டல் துண்டு அமுக்கத்தில் வெளியே பாயும். குறைந்த அளவை வைனும் சீனியும் கலந்து நிரப்பித் தக்கை போடுவார்கள்.

இத்தாலியின் குமிழி வைனான புரொசெக்கோவுக்கு இந்தப் பாடெல்லாம் கிடையாது. பெரும்பாலும் பெரிய தாங்கியில் மொத்தமாக இரண்டாம் நொதித்தலை முடித்து, சில வாரத்திலோ மாதத்திலோ சந்தைக்கு வந்துவிடும். விலையும் அதற்கேற்ப இறங்கும். கொழும்பு வெயிலுக்கு அது நல்ல பானம்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதை வைத்து ஒரு குடும்பம் பேரனுக்கு எதையும் சேர்த்துவைக்க முடியாது.

எதை விட்டுப்போகிறார்கள்?

குடும்ப வைன் நிறுவனம் என்றதும் திராட்சைத் தோட்டத்தை விட்டுப்போகிறார்கள் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். ஷாம்பாஞ்சில் அது அவ்வளவு சரியில்லை. அங்கே ஏறக்குறைய 34,000 ஹெக்டேயரில் திராட்சை விளைகிறது. அதில் பத்தில் ஒன்பது பங்கு, 16,000 அளவிலான சிறு விவசாயக் குடும்பங்களின் கையில் இருக்கிறது. உலகம் அறிந்த பெரிய பெயர்கள் தங்களுக்கு வேண்டிய திராட்சையில் பெரும்பகுதியை அவர்களிடம்தான் வாங்குகின்றன. பெரிய குடும்பத்தில் பிறந்தவருக்குத் தோட்டத்தோடு, தாத்தா காலத்திலிருந்து திராட்சை கொடுத்துவரும் வீடுகளின் நம்பிக்கையும் வந்து சேரவேண்டும். அந்த வீடுகளிலும் பிள்ளைகள் மாறிக்கொண்டிருப்பார்கள்.

இது லேபலின் ஓரத்தில் பொடி எழுத்தில் பதிந்திருக்கும். ‘என் எம்’ என்றிருந்தால் திராட்சையை வெளியிலும் வாங்கித் தயாரிக்கும் நிறுவனம். ‘ஆர் எம்’ என்றால் தன் தோட்டத்துத் திராட்சையில் தானே செய்யும் விவசாயி. ‘சி எம்’ என்றால் கூட்டுறவுச் சங்கம். குடும்பத்தின் கைமணத்தை ருசிக்க ஆசைப்படுபவருக்கு நான் சொல்வது, பெரிய பெயரை விட்டுவிட்டு ‘ஆர் எம்’ போத்தல் ஒன்றைத் தேடுங்கள் என்பதுதான். கொழும்பில் அது கிடைப்பது கடினம். பாரிசில் உறவுக்காரர் இருந்தால் வழியுண்டு. நம்மவர் கடைகள் நிறைந்த லா ஷப்பலில் இருந்து கார் து லெஸ்த் ரயில் நிலையம் நடக்கும் தூரம். அங்கே ஏறினால் ஒன்றேகால் மணி நேரம் அளவில் எப்பெர்னே. 2015 இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக அறிவித்த தெருவும் நிலவறைகளும் அந்த ஊரில்தான் இருக்கின்றன.

தோட்டத்தை விடப் பெறுமதியான சொத்து வேறு. ஷாம்பாஞ் குளிர்ப் பிரதேசம். ஒரு வருடம் வெயில் நன்றாக அடிக்கும், மறுவருடம் வசந்தத்துப் பனி மொட்டுகளைக் கருக்கிவிடும். விளைச்சல் இப்படி ஏறி இறங்கும்போது, வாங்குபவர் மட்டும் ஒவ்வொரு ஆண்டும் அதே சுவையை எதிர்பார்க்கிறார். அதனால் நல்ல வருடத்து வைனில் ஒரு பங்கை விற்காமல் ஒதுக்கி வைக்கிறார்கள். மெலிந்த வருடத்தில் அதை எடுத்துக் கலப்பார்கள். ஆய் என்ற ஊரில் 1829 இல் தொடங்கிய பொலிஞ்சர் நிறுவனம், இந்த ஒதுக்கு வைனை ஒன்றரை லீற்றர் போத்தல்களில் அடைத்துத் தக்கை போட்டு வைத்திருக்கிறது. அப்படிப் பல இலட்சம் போத்தல்.

இதைத்தான் நான் முதுசம் என்கிறேன். இன்று ஒதுக்கிவைப்பவர், அது கலக்கப்படும் நாளில் பதவியில் இருப்பார் என்ற நிச்சயமில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை இலாபம் காட்டவேண்டிய முகாமையாளருக்கு அந்த வைன், விற்காமல் கிடக்கும் சரக்கு. மகளோ மருமகனோ இந்தக் கதிரைக்கு வருவார் என்று நினைப்பவருக்கு அது வேறு. குளிர்காலம் முழுக்க நடக்கும் கலவைச் சுவைப்பில் நூற்றுக்கணக்கான முதல் வைன்கள் மேசைக்கு வரும். 1818 இல் தொடங்கிய பியேக்கார்–சல்மோன் நிறுவனத்தில் குடும்பத்தின் வெவ்வேறு தலைமுறைக்காரர் அந்த மேசையில் ஒன்றாக உட்காருவார்கள். புளிப்பு மிகுந்த அந்த இளம் வைனைச் சுவைத்து, அது ஐந்து வருடத்தில் என்னவாகும் என்று சொல்லத் தெரிவது எழுதிவைத்துப் படிக்கும் வித்தையல்ல. பெரியவர் துப்பிவிட்டு முகத்தை எப்படி வைத்துக்கொள்கிறார் என்று பக்கத்தில் இருந்து பார்த்தே பழகவேண்டும்.

சொத்து மண்ணுக்குக் கீழே இருப்பதில் ஆபத்தும் உண்டு. பொல் ரொஜே 1849 இல் தொழிலைத் தொடங்கியவர். 1899 இல் அவர் இறக்க, மகன்மார் மொரிசும் ஜோர்ஜும் பொறுப்பெடுத்தார்கள். சில வாரங்கள்தான் சென்றிருக்கும், 1900 பெப்ரவரியில் நிலவறைகள் இடிந்து விழுந்தன. 500 பீப்பாய் வைனும் 15 இலட்சம் போத்தலும் மண்ணோடு போயின. தகப்பன் சேர்த்த காலமே ஒரே இரவில் புதைந்ததுபோலத்தான். அந்த மகன்மார் மற்றத் தயாரிப்பாளர்களின் உதவியோடு எழுந்து நின்றார்கள். 2018 இல் புதுக் கட்டடம் ஒன்றுக்குத் தோண்டியபோது, நூறு வருடத்துக்கு மேல் புதையுண்டிருந்த போத்தல்களில் சில உடையாமல் வெளியே வந்தன. குடும்பம் இன்றும் அதே ஊரில், அதே தொழிலில் இருக்கிறது.

விதவைகளின் கை

இந்த வரலாற்றில் திரும்பத் திரும்ப வரும் முகம் கணவனை இழந்த பெண்ணுடையது. பார்ப்–நிக்கோல் கிளிக்கோவின் கணவர் 1805 இல் இறந்தபோது அவருக்கு வயது 27. மாமனாரின் நிறுவனத்தைத் தன் கையில் எடுத்தார். வண்டலைக் கழுத்துக்குக் கொண்டுவரும் பலகை முறை 1816 இல் அவருடைய நிலவறையில் பிறந்தது. லூயிஸ் பொமெரி 1874 இல் இனிப்புக் குறைந்த ‘புரூட்’ ஷாம்பேனைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். அதற்கு முன் ஷாம்பேன் பாகுபோல இனித்துக் கிடந்தது. லிலி பொலிஞ்சர் 1941 இல், ஜேர்மன் படை நாட்டைப் பிடித்திருந்த காலத்தில் பொறுப்பேற்று, முப்பது வருடம் நடத்தினார். தோட்டங்களைச் சைக்கிளில் போய்ப் பார்ப்பது அவர் வழக்கம்.

ஏன் விதவைகள்? நெப்போலியன் காலத்துச் சட்டத்தில் மணமான பெண் கணவனின் அனுமதியில்லாமல் ஒப்பந்தம் செய்ய முடியாது. விதவைக்கு அந்தத் தடை இல்லை. எங்களுக்கு இது அந்நியமான கதையல்ல. யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் பெயரில் உள்ள காணியை விற்கவும் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்று 1911 ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. மதுவோடு சேர்த்துப் பார்த்தால் இன்னும் வேடிக்கை. பெண்களுக்கு மதுபானம் விற்பதை இலங்கையில் 1979 இல் தடைசெய்தார்கள். 2018 ஜனவரியில் நிதியமைச்சர் அந்தத் தடையை நீக்க, சில நாட்களில் ஜனாதிபதி அதை மறுபடி கொண்டுவரச் சொன்னார். மடம் கிளிக்கோ உயிரோடு இருந்து கொழும்புக்கு வந்திருந்தால், தன் பெயர் போட்ட போத்தலைத் தானே வாங்க முடியாமல் நின்றிருப்பார்.

அவருடைய நிறுவனமே குடும்ப முதுசமாக இறங்கவில்லை என்பது இன்னொரு விஷயம். மகளுக்கோ மருமகனுக்கோ கொடுக்காமல், தன்னிடம் வேலைக்கு வந்து பங்காளியான எதுவார் வேர்லே என்பவரிடம் ஒப்படைத்தார். இன்று அது எல்விஎம்எச் என்ற பெருங்குழுமத்தின் கையில் இருக்கிறது. லேபலில் குடும்பப் பெயர் இருப்பதை வைத்துக் குடும்பம் இருக்கிறது என்று முடிவுகட்டக் கூடாது. 1843 இல் தொடங்கிய க்ரூக் நிறுவனமும் 1999 முதல் அதே குழுமத்துக்குச் சொந்தம். ஆறாம் தலைமுறை ஒலிவியே க்ரூக் அங்கே பணிபுரிகிறார், ஆனால் உரிமை குடும்பத்திடம் இல்லை.

பங்கு பிரிக்கும் நாள்

பிரெஞ்சுச் சட்டத்தில் தகப்பன் தன் சொத்தை விரும்பிய பிள்ளைக்கு மட்டும் எழுதிவைக்க முடியாது. ஒரு பிள்ளை என்றால் சொத்தில் பாதி அந்தப் பிள்ளைக்கு. இரண்டு என்றால் மூன்றில் இரண்டு பங்கு, மூன்றோ அதற்கு மேலோ என்றால் நான்கில் மூன்று பங்கு பிள்ளைகளுக்குச் சமமாகப் போய்ச்சேர வேண்டும். மூன்று தலைமுறை கழித்துக் கணக்குப் பாருங்கள். நிறுவனத்தை நடத்துபவர் ஒருவர், பங்கு வைத்திருக்கும் ஒன்றுவிட்ட சகோதரர்கள் முப்பது பேர். அவர்களில் பலருக்கு வைனில் அக்கறையில்லை, காசு வேண்டும். காசோ போத்தலாக நிலவறையில் கிடக்கிறது. வாரிசு வரி வேறு, நேர்வாரிசுகளுக்கே உச்ச வீதம் 45 சதவீதம். குடும்பத் தொழில்கள் இதில் சிதறிப்போகாமல் இருக்க 2003 இல் ஒரு சலுகையைக் கொண்டுவந்தார்கள். பங்குகளைச் சில ஆண்டுகள் விற்காமல் வைத்திருப்போம் என்று வாரிசுகள் கையெழுத்திட்டால், பெறுமதியில் 75 சதவீதத்துக்கு வரி இல்லை.

பங்காளிக்குத் தெரியாமல் காணியை வெளியாளுக்கு விற்றால் வழக்குப் போடலாம் என்பது யாழ்ப்பாணத்துக் குடும்பங்களுக்குப் பழகிய விஷயம். தேசவழமையில் முன்வாங்கல் உரிமை இருக்கிறது, 1947 இல் அதற்கெனத் தனிச் சட்டமே வந்தது. பங்கை முதலில் உறவுக்காரருக்கே காட்டவேண்டும் என்று குடும்ப நிறுவனங்கள் தங்களுக்குள் எழுதிக்கொள்ளும் உடன்படிக்கையும் அதே யோசனைதான். ஆனால் முன்வாங்க உரிமை இருந்து என்ன, வாங்கக் காசு வேண்டுமே.

ஷாம்பேன் செய்யும் தெத்தஞ்சே குடும்பத்துக்கு 2005 இல் நடந்தது அதுதான். ஹோட்டல்களும் சேர்ந்த குடும்பத்தின் முழுக் குழுமத்தையும் உறவினர்கள் ஓர் அமெரிக்க முதலீட்டு நிறுவனத்துக்கு விற்றார்கள். குடும்பத்தில் ஒருவரான பியேர்–எமானுவேல் அதை ஏற்கவில்லை. ஒரு பிராந்திய வங்கியைத் துணைக்குப் பிடித்து, 2006 இல் ஷாம்பேன் நிறுவனத்தை மட்டும் திரும்ப வாங்கினார். 2020 இல் மகள் வித்தாலி தலைவரானார். மீட்டது பெரிய காரியம்தான், ஆனால் தன் சொந்தப் பெயரையே கடன்பட்டு வாங்கவேண்டி வந்தது.

ஸ்பெயினில் முடிவு மறுபுறமாக அமைந்தது. 1551 வரை தன் வேரைக் காட்டும் கொடொர்னியு குடும்பம், 1872 இல் ஷாம்பேன் முறையில் அங்கே குமிழி வைன் செய்தது. இன்று காவா என்று நாம் அறியும் வைன் வகையின் தொடக்கம் அது. பங்குதாரரான உறவினர் தொகை இருநூறைத் தாண்டியது. 2018 இல் பெரும்பான்மைப் பங்கு கார்லைல் என்ற முதலீட்டு நிறுவனத்துக்குப் போனது. இரத்த உறவு கூடக்கூட ஒற்றுமை கூடும் என்று யார் சொன்னது?

எனக்கு மிகவும் பிடித்த கைமாற்றம் இத்தாலியில், திரெந்தோ நகரில் நடந்தது. ஜூலியோ ஃபெராரி (பந்தயக் காருக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை) 1902 இல் குமிழி வைன் செய்யத் தொடங்கியவர். பிள்ளைகள் இல்லை. 1952 இல் அதே ஊரில் வைன் கடை வைத்திருந்த புரூனோ லுனெல்லியிடம் நிறுவனத்தை விற்றார். விற்றுவிட்டு வீட்டில் இருக்கவில்லை. 1965 இல் இறக்கும்வரை அதே நிலவறையில் வேலை செய்து, லுனெல்லி குடும்பத்துக்குக் கைப்பழக்கத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். இன்று நடத்துவது அந்தக் குடும்பத்தின் மூன்றாம் தலைமுறை, பெயர் இன்னும் ஃபெராரிதான். முதுசம் இறங்க இரத்தம் கட்டாயமில்லை, பக்கத்தில் நின்று பழகும் வருடங்கள்தான் கட்டாயம் என்று இதைப் பார்த்தால் தோன்றுகிறது.

கையில் ஒரு போத்தல் வந்தால்

லேபலில் ‘புரூட்’ என்றிருந்தால் லீற்றருக்கு 12 கிராமுக்குக் குறைந்த சீனி. ‘எக்ஸ்ட்ரா டிரை’ என்பது பெயரைப்போல வறண்டதல்ல, 12 முதல் 17 கிராம் வரை சீனி இருக்கும். ‘தெமி செக்’ 32 முதல் 50 கிராம், கல்யாணக் கேக்கோடு குடிக்க அதுதான் பொருந்தும். கேக்கின் இனிப்புக்கு முன்னால் புரூட் புளித்துப்போகும். வடை, கட்லெட், பொரித்த மீனுக்குப் புரூட் நன்றாகச் சேரும், எண்ணெயை நாக்கில் தங்கவிடாது. ஆண்டு எதுவும் போடாமல் இருந்தால் தரம் குறைவென்று நினைக்கவேண்டாம். அந்தக் குடும்பத்தின் வழமையான கலவை அது.

போத்தலை வரவேற்பறை ஷோகேசில் அழகுக்கு நிறுத்திவைப்பது நம் வீடுகளில் சாதாரணம். ஷாம்பேனை அப்படி வைத்தால் அதோடு சரி. அது பிறந்த நிலவறை 10 பாகை அளவில், இருட்டில் இருப்பது. கொழும்பின் 30 பாகைச் சூடும் கண்ணாடி வழியே வரும் வெளிச்சமும் சில மாதத்தில் சுவையைக் கெடுத்துவிடும். காத்திருக்கவேண்டிய காலத்தைத் தயாரித்த குடும்பமே காத்திருந்துவிட்டது, நீங்கள் காக்கத் தேவையில்லை. குளிர்சாதனப் பெட்டியில் சில மணி நேரம், அல்லது ஐஸும் தண்ணீரும் பாதிக்குப் பாதி நிரப்பிய வாளியில் அரை மணி நேரம் வையுங்கள். குளிராத போத்தலைத் திறக்கவே கூடாது. சூட்டில் அமுக்கம் கூடும், தக்கை கண்ணைப் பதம்பார்த்துவிடும். திறக்கும்போது தக்கையைக் கையால் இறுக்கிப் பிடித்தபடி போத்தலைத் திருப்புங்கள், ஆட்கள் இல்லாத பக்கமாகச் சரித்துக்கொண்டு. வாங்கப் போகிறவர்கள் நாட்காட்டியை ஒருதரம் பார்த்துவிட்டுப் போகவும். போயா தினத்தில் மதுபானக் கடைகள் பூட்டு.